சிசிலி வில்லியம்ஸ்

சிசிலி டெல்ஃபின் வில்லியம்ஸ் (டிசம்பர் 2, 1893 - ஜூலை 13, 1992) ஜமேக்காவில் பிறந்த ஒரு குழந்தை மருத்துவர் ஆவார். குவாஷியோர்கர் என்னும் ஊட்டக்குறை நோயை அப்பெயருடன் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் இவரே. உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராகவும் பணியாற்றினார். ஏழை நாடுகளில் தாய்ப்பாலுக்கு மாற்றாக டின்பாலையும் பால்மாவையும் விளம்பரம் செய்து விற்பது குழந்தைகளின் உயிரைப் பறிக்கிறது என்று 1939-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் வெளிப்படையாகப் பேசியவர் என்ற வகையில் இவர் இன்று பெரிதும் நினைவுகூரப்படுகிறார். இது தொடர்பான பன்னாட்டு நெறிமுறை ஒன்று உருவாக அதன் பின்னர் 42 ஆண்டுகள் ஆயின.

இளமையும் கல்வியும்

ஜமேக்காவின் வெஸ்ட்மோர்லாந்து மாவட்டத்தில் டார்லிஸ்டன் என்ற ஊருக்கு அருகே, பல தலைமுறைகளாக அத்தீவில் வாழ்ந்து வந்த குடும்பம் ஒன்றில் சிசிலி பிறந்தார். தந்தை ஜமேக்காவின் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர். பதின்மூன்று வயதில் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரியில் இடம் கிடைத்தும், குடும்பத்திற்கு உதவ வேண்டியிருந்ததால் அதை விட்டு ஜமேக்கா திரும்பினார். தந்தை 1916-இல் இறந்த பின்னரே, 23-ஆவது வயதில், ஆக்ஸ்போர்டில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். முதல் உலகப் போரினால் ஆண் மாணவர்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. பெண்களுக்கு மருத்துவ வகுப்பின் கதவு திறந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். 1923-இல் மருத்துவராகத் தகுதி பெற்றார்.

போர் முடிந்து ஆண் மருத்துவர்கள் திரும்பிவிட்டபடியால் பெண் மருத்துவர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. இலண்டனின் ஏழைகள் வாழும் ஹாக்னி பகுதியில் இருந்த குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியபோதுதான் குழந்தை மருத்துவமே தமது துறை என்று இவர் முடிவு செய்தார். நோயுற்ற குழந்தையைக் குணப்படுத்த வேண்டுமானால் அக்குழந்தை எந்த வீட்டிலிருந்து வருகிறது, அங்கு அதற்கு என்ன உண்ணக் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும் என்ற எண்ணம் இவருக்கு இங்கேயே வேரூன்றியது. சிறிது காலம் கிரேக்க நாட்டில் அகதிகளிடையே பணிபுரிந்தார். பின்னர் இலண்டனில் வெப்பமண்டல மருத்துவம் பயின்று, 1929-இல் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

தங்கக் கரையில்

முதல் பணியிடம் மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கரை, அதாவது இன்றைய கானா. பெண் என்பதால் ஆண் மருத்துவர்களை விடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது. இதை இவர் வெளிப்படையாகவே எதிர்த்தார்.

ஆக்ரா நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு வகை நோயாளிகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தனர். பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள். கை கால்கள் வீங்கியிருக்கும். வயிறு உப்பியிருக்கும். தலைமுடி செம்பட்டையாக மாறிவிடும். தோல் கருத்து உரிந்துவிடும். குழந்தை எதிலும் நாட்டமின்றி எரிச்சலுடன் முனகிக்கொண்டிருக்கும். சிகிச்சை இல்லாவிடில் பெரும்பாலான குழந்தைகள் இறந்தன. உடல் வீங்கியிருப்பதால் பார்ப்பவருக்குப் பட்டினி என்று தோன்றாது. நியாசின் குறைபாட்டால் வரும் பெலாக்ரா நோயே இது என்று பல மருத்துவர்கள் கருதினர்.

சிசிலி இதை ஏற்கவில்லை. இறந்த குழந்தைகளின் உடற்கூற்றை அவரே ஆய்வு செய்து, கல்லீரலில் கொழுப்பு மிகுதியாகப் படிந்திருப்பதைக் கண்டார். அதைவிட முக்கியமாக, இந்நோயை அவ்வூர்ப் பெண்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டார். கா மொழியில் அதற்கு குவாஷியோர்கர் என்று பெயர். அடுத்த குழந்தை பிறந்தவுடன் தாயின் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நோயின் காரணம் அப்பெயரிலேயே இருந்தது. தாய்ப்பால் நின்றவுடன் அக்குழந்தைக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சி மட்டுமே. மருத்துவ இதழ்களில் தேடியும் கிடைக்காத விடையை எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களிடமிருந்து பெற்றார் என்பதே இவரது ஆய்வின் சிறப்பு எனலாம்.

இது குறித்த முதல் கட்டுரை 1933-இல் வெளிவந்தது. நோயின் உள்ளூர்ப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய இரண்டாம் கட்டுரை 1935-இல் லான்செட் இதழில் வெளியானது. பெலாக்ரா என்று வாதிட்டவர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஐரோப்பியர் பலர் ஒரு ஆப்பிரிக்கச் சொல்லை நோய்ப் பெயராக ஏற்கவே தயங்கினர். இன்று அது எல்லா மருத்துவ நூல்களிலும் உள்ளது. (புரதக் குறைவு மட்டுமே இந்நோயின் முழுக் காரணம் என்ற பழைய கருத்தைப் பிற்கால ஆய்வுகள் கேள்விக்கு உட்படுத்தியுள்ளன.)

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவாஷியோர்கர் வந்த குழந்தைகளைத் தேற்ற சிசிலி பயன்படுத்திய உணவுகளில் பாலும் ஒன்று. தாய்ப்பால் மறந்த, ஊட்டமற்ற கஞ்சியை மட்டும் உண்ணும் மூன்று வயதுக் குழந்தைக்குப் பால் உயிர்காக்கும் மருந்து. பிற்காலத்தில் இவர் பால் நிறுவனங்களை எதிர்த்தமைக்குப் பாலின் மீதான வெறுப்பு காரணமன்று. யாருக்கு, எப்போது, யாருடைய அறிவுரையின் பேரில், எதற்குப் பதிலாக அது கொடுக்கப்படுகிறது என்பதே இவரது கேள்வி.

நோய் வந்தபின் சிகிச்சை அளிப்பதை விட நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனிப்பதே மேல் என்று கருதிய இவர், செவிலியரை வீடுகளுக்கு அனுப்பி, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி அட்டை வைத்துப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். மேலதிகாரிகளுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார்.

மலாயாவும் டின்பாலும்

சிங்கப்பூரில் சிசிலி கண்ட காட்சி ஆப்பிரிக்காவில் கண்டதிலிருந்து வேறுபட்டது. தங்கக் கரையில் தாய்ப்பால் நின்ற பிறகே குழந்தை நோயுற்றது. இங்கு பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகள், தாய்க்குப் பால் இருக்கும்போதே, புட்டிப்பாலுக்கு மாற்றப்பட்டு வயிற்றுப்போக்கினாலும் ஊட்டக்குறையினாலும் இறந்துகொண்டிருந்தன. அவற்றிற்குக் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த டின்பால். பால் நிறுவனங்கள் செவிலியர் போல உடையணிந்த பெண்களை அமர்த்தி, பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் அனுப்பி இதனை விற்றன. வெள்ளைச் சீருடை அணிந்தவர் சொல்வதை மருத்துவ அறிவுரை என்று தாய் நம்பினாள்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ளத் தாய்ப்பால் சுரக்கும் முறையைத் தெரிந்துகொள்வது அவசியம். குழந்தை எந்த அளவுக்குச் சப்பிக் குடிக்கிறதோ அந்த அளவுக்கே பால் சுரக்கும். புட்டிப்பால் குடித்து வயிறு நிறைந்த குழந்தை தாயிடம் குறைவாகவே குடிக்கும், சுரப்பு குறையும், பால் போதவில்லை என்று தாய் மேலும் புட்டிப்பால் கொடுப்பாள். இவ்வாறு சில நாட்களிலோ வாரங்களிலோ பால் வற்றிவிடும். அதன் பிறகு விரும்பினாலும் எளிதில் திரும்ப முடியாது. இலவசமாகத் தரப்படும் ஒரு மாதிரி டின் செய்யும் வேலை இதுதான். அடுத்த டின்னைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

வசதியுள்ள வீட்டில் இது பெரும்பாலும் செலவாக மட்டுமே முடியும். கூலிக்கு உழைக்கும் குடும்பத்தில் டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று பாலில் நீரைக் கூட்டிக் கரைப்பார்கள். குழந்தை வயிறு நிறையக் குடித்தும் மெலியும். நீரையும் புட்டியையும் கொதிக்க வைக்க விறகு வேண்டும், நேரம் வேண்டும். கொதிக்காத நீரில் கரைத்த இனிப்புப் பால் வெப்பமண்டலத்தில் சில மணி நேரத்திலேயே கிருமிகளால் நிறைந்துவிடும். அவற்றை எதிர்க்கும் ஆற்றலைத் தரும் தாய்ப்பாலோ ஏற்கனவே நின்றுவிட்டது. இவை போதாதென்று, கொழுப்பு நீக்கிய டின்பாலில் உயிர்ச்சத்து ஏ இல்லாததால் குழந்தைகள் கண்பார்வை இழக்கவும் நேர்ந்தது. அத்தகைய பாலின் டின்களில் அது குழந்தைகளுக்கு உகந்ததன்று என்று அச்சிட வேண்டும் என பிரித்தானியாவில் 1920களிலேயே விதி இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1939 உரை

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச சிசிலி அழைக்கப்பட்டார். வணிகர்களும் அதிகாரிகளும் நிறைந்த அச்சங்கத்திற்கு அப்போது தலைவராக இருந்தவர், நெஸ்லே நிறுவனத்தின் அப்பகுதிப் பொறுப்பாளரே எனக் கூறப்படுகிறது. உரைக்குச் சிசிலி வைத்த தலைப்பு பாலும் கொலையும் என்பதாகும்.

கொலை என்ற சொல்லைச் சட்டப்படி பொருத்தமற்றது என்று சிலர் கருதக்கூடும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் தகாத உணவினால் குழந்தைகள் மடிவதை நாள்தோறும் பார்க்க நேர்ந்தவர் எவரும் வேறு சொல்லைத் தேடமாட்டார் என்றார். குழந்தை உணவு பற்றித் தவறான பிரச்சாரம் செய்வது அரசுக்கு எதிரான குற்றத்தைப் போலக் கடுமையாகத் தண்டிக்கப்பட வேண்டும், அதனால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்பதே அவரது வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தின் புதுமையைச் சற்று விளக்க வேண்டும். குழந்தை இறப்புக்கு அதுவரை பொதுவாகச் சொல்லப்பட்ட காரணங்கள் வறுமை, அழுக்கு, தாயின் அறியாமை ஆகியவை. பால் நிறுவனங்களும் பிற்காலத்தில் இதையே பதிலாகச் சொல்லி வந்தன: பால்மாவில் குற்றமில்லை, கரைக்கும் நீரிலும் கரைப்பவரின் வறுமையிலுமே குற்றம். தாயை இழந்த குழந்தைக்கும் பால் கொடுக்க இயலாத தாய்க்கும் மாற்றுப் பால் தேவை என்பதும் அவர்கள் சொன்னது. அதில் உண்மை உண்டு. ஆனால் சிசிலி காட்டியது விற்பவரை. நல்ல நீரும் பணமும் இல்லாத வீடு என்று தெரிந்தே, பால் சுரக்கும் தாயைத் தேடிச் சென்று, செவிலியர் வேடத்தில் விற்கும்போது, அதன் பிறகு நடப்பவற்றுக்கு அந்த வீட்டின் வறுமையை மட்டும் காரணம் காட்ட முடியாது. தாய்க்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர் அந்த அறியாமையைப் பயன்படுத்திக்கொள்வதே இதில் உள்ள அறக்கேடு.

உரையால் உடனடி விளைவு எதுவும் ஏற்படவில்லை. அதே ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டது.

சிறைவாசம்

டிசம்பர் 1941-இல் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியபோது சிசிலி தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் உள்ள திரங்கானுவில் பணியில் இருந்தார். அங்கிருந்து கடினமான பயணத்தின் பின் சிங்கப்பூரை அடைந்தார். பிப்ரவரி 15, 1942 அன்று சிங்கப்பூரும் வீழ்ந்தது. சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள், குழந்தைகளுடன் இவரும் அடைக்கப்பட்டார். பெண்கள் முகாமின் தலைவர்களுள் ஒருவராகவும் செயல்பட்டார். 1943 அக்டோபரில் முகாமில் இருந்தோர் வெளியாருடன் சேர்ந்து உளவு பார்த்ததாக ஜப்பானிய இராணுவக் காவல்துறையான கெம்பெத்தாய் குற்றஞ்சாட்டி, பலரை விசாரணைக்கு இழுத்துச் சென்றது. அவர்களுள் சிசிலியும் ஒருவர். நெருக்கமான கூண்டு ஒன்றில், சித்திரவதையால் இறந்துகொண்டிருந்தவர்களுக்கிடையே பல மாதங்கள் வைக்கப்பட்டார். சீதபேதியும் பெரிபெரியும் பற்றிய நிலையில் முகாமுக்குத் திரும்பினார். பெரிபெரியால் கால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தது. இது வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

அம்முகாமில் இவர் பதிவு செய்த ஒரு கணக்கு, இரத்தினச் சுருக்கமானது. அங்கு 20 குழந்தைகள் பிறந்தன. தாய்மார் தாமே அரைப்பட்டினியில் இருந்தனர். 20 குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது. 20 குழந்தைகளும் பிழைத்தன. டின்பால் விற்பனை முற்றிலும் இல்லாத ஓரிடமாக இருந்தது அந்தச் சிறைதான் என்பது வேடிக்கையான உண்மை. உண்ண வழியில்லாத தாய்க்குப் பால் சுரக்காது என்ற பரவலான நம்பிக்கைக்கு எதிரான சான்றாக இக்கணக்கைப் பிற்காலத்தில் அவர் எடுத்துக்காட்டி வந்தார்.

போருக்குப் பின்

1948-இல் புதிதாகத் தோன்றிய உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு ஜெனீவாவில் தலைவரானார். மேசைப் பணி இவருக்கு ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டே அந்நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிரிவுக்காகப் புதுதில்லி சென்றார். 1951 முதல் 1953 வரை ஜமேக்காவில் வாந்தி நோய் என்று அழைக்கப்பட்ட கொடிய நோயை ஆராய்ந்த குழுவை வழிநடத்தினார். பழுக்காத அக்கி என்னும் பழத்தில் உள்ள நச்சே இந்நோய்க்குக் காரணம் என்பது நிறுவப்பட்டது. பின்னர் இலண்டனில் ஊட்டவியல் கற்பித்தார். 1960களின் முற்பகுதியில் பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, காசாவில் பாலத்தீன அகதிகளிடையேயும் பணியாற்றினார். டெரிக் ஜெல்லிஃப் என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து எழுதிய தாய் சேய் நலம் பற்றிய நூல் 1972-இல் வெளிவந்தது. வணிகத்தால் விளையும் ஊட்டக்குறை என்ற பொருள்தரும் ஒரு சொல்லை உருவாக்கிப் புட்டிப்பால் விளம்பரத்தைத் தாக்கியவர் இந்த ஜெல்லிஃப்.

இதற்கிடையே வரலாறு ஒரு விசித்திரமான திருப்பத்தைக் கண்டது. குவாஷியோர்கர் பற்றிய அறிவு 1950களில் உலகெங்கும் பரவியதால், ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதம் வேண்டும் என்று ஐ.நா. அமைப்புகள் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கப்பல் கப்பலாக அனுப்பின. மருத்துவ நிலையங்களில் பால்மா வழங்கப்படுவதைக் கண்ட மக்கள் அதை நாகரிகமான, மருத்துவர் ஏற்ற உணவு என்று எண்ணியதில் வியப்பில்லை. மேலை நாடுகளில் பிறப்பு வீதம் குறைந்து சந்தை சுருங்கியபோது, நிறுவனங்களின் கவனம் ஏழை நாடுகளின் பக்கம் மேலும் திரும்பியது. சிசிலியின் கண்டுபிடிப்பே, அவர் விரும்பாத வகையில், அவர் எதிர்த்த வணிகத்திற்கு வழியைச் சற்று எளிதாக்கியது எனலாம்.

நெறிமுறை

1974-இல் பிரித்தானியாவின் வார் ஆன் வான்ட் அமைப்பு, மைக் முல்லர் எழுதிய குழந்தைக் கொலையாளி என்று பொருள்படும் தலைப்புடைய சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒரு குழு, நெஸ்லேயின் பெயரையே தலைப்பில் வைத்து அதை ஜெர்மன் மொழியில் வெளியிட்டது. நெஸ்லே வழக்குத் தொடுத்தது. 1976-இல் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கமே வந்தது. தலைப்பு அவதூறானது என்று 13 பேருக்குத் தலா 300 பிராங்க் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் நிறுவனம் தனது விளம்பர முறைகளை அடிப்படையிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் நீதிபதி குறிப்பிட்டார். கொலை என்ற சொல்லைப் பற்றி சிசிலி 1939-இல் எதிர்பார்த்த அதே சட்டச் சிக்கல் இது. 1977-இல் அமெரிக்காவின் மினியாபொலிசில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. அது 1984-இல் நிறுத்தப்பட்டு, 1988-இல் மீண்டும் தொடங்கப்பட்டது.

மே 21, 1981 அன்று உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கான பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. ஆதரவாக 118 வாக்குகள். எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. மூன்று நாடுகள் நடுநிலை வகித்தன. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வது, தாய்மார்களுக்கு இலவச மாதிரி தருவது, விற்பனையாளர்கள் கருவுற்ற பெண்களையும் தாய்மார்களையும் நேரில் அணுகுவது ஆகியவற்றை நெறிமுறை விலக்கியது. நிறுவனங்களிடம் ஊதியம் பெறும் செவிலியரை மருத்துவ நிலையங்களில் அனுமதிக்கக் கூடாது என்றும் கூறியது. சிங்கப்பூரின் வெள்ளைச் சீருடை விற்பனைப் பெண்களை நினைவில் கொண்டு படித்தால் இவ்விதிகளின் பொருள் தெளிவாகும். சிசிலியின் உரையிலிருந்து இந்நெறிமுறை நேரடியாகப் பிறந்தது என்று சொல்ல முடியாது. அவ்வுரை நெடுங்காலம் பரவலாகக் கிடைக்கவே இல்லை; பினாங்கில் இயங்கிய நுகர்வோர் சங்கங்களின் பன்னாட்டு அமைப்பு அதனை 1986-இல் வெளியிட்டது. ஆனால் சிசிலியுடன் பணியாற்றியவர்களும் அவரிடம் பயின்றவர்களும் இவ்வியக்கத்தில் இருந்தனர். நெறிமுறை நிறைவேறியபோது அவருக்கு வயது 87.

நெறிமுறை தானாகவே சட்டம் ஆகாது. ஒவ்வொரு நாடும் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். இந்தியா 1992 டிசம்பரில் அத்தகைய சட்டத்தை இயற்றியது. 2003-இல் அது திருத்தப்பட்டு, இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான உணவுகளின் விளம்பரமும் தடை செய்யப்பட்டது.

விருதுகளும் மறைவும்

சிசிலிக்கு 1965-இல் பிரித்தானியக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் பதக்கமும், 1968-இல் பிரித்தானிய அரசின் சி.எம்.ஜி. விருதும், 1975-இல் ஜமேக்காவின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதும் வழங்கப்பட்டன. இவரது வாழ்க்கை வரலாற்றை ஆன் டாலி 1968-இலும் சாலி கிராடக் 1983-இலும் நூலாக எழுதினர். திருமணம் செய்துகொள்ளாத இவர் எண்பது வயதைக் கடந்தும் பல நாடுகளுக்குச் சென்று விரிவுரையாற்றினார். ஜூலை 13, 1992 அன்று ஆக்ஸ்போர்டில் தமது 98-ஆவது வயதில் காலமானார்.